பொணப்பெட்டிச் சாமான்

போன் வந்தபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தால் மாமா பேசவில்லை, வண்டி பேசியது. போனை டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். டுர்ர்ர், டுர்ர்ர், டுர்ர்ர். செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றியது. இன்ஜின்தான் பிடிக்கவில்லை.

"கேட்டுச்சா மாப்ள?"

"கேட்டுச்சு. சாவிய விடுங்க மாமா, பேட்டரி படுத்துரும்."

"அது படுக்கறதுக்குள்ள நீ வந்து சேரு."

வாயைக் கொப்பளித்துவிட்டு டூல்ஸ் பையோடு கிளம்பினேன்.

மாமா என் அக்காவின் புருஷன். லாரி ஓட்டியவர். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் 'லோடு அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். முதலாளி லாரிகளை விற்றுவிட்டு ஷெட்டைச் சாத்தியபின் லாரியும் இல்லை, லோடும் இல்லை, பெயர் மட்டும் மிச்சம். வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற ஆம்பளையைப் பார்த்திருக்கிறீர்களா? உட்கார மாட்டான். கொடிக்கம்பியை அவிழ்த்து மறுபடி கட்டுவான். நல்லாயிருக்கிற குழாயைக் கழற்றி ஒழுகவைப்பான். மாமா அப்படித்தான் மாசக்கணக்காக வீட்டைச் சுற்றி வந்தார். பிறகு எங்கேயோ சொல்லிவைத்து, மூன்று வரிசை சீட் உள்ள ஒரு பழைய நீளக் காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாம்பல் கறுப்பு நிறம். தெரு நடுவில் நின்றுவிட்டால் யாராலும் நகர்த்த முடியாது. அக்கா அதற்கு எருமை என்று பெயர் வைத்தாள்.

அன்றைக்குத்தான் எருமைக்கு முதல் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிற பெரிய லாண்டரி ஒன்று இருக்கிறது. அங்கே காலை ஷிஃப்டுக்குப் போகிற பெண்களைப் பாலத்தடியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கவேண்டும். முதல் நாளே வண்டி வரவில்லை என்றால் சூப்பர்வைசர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வான். அந்த வேலைக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், மாமாவுக்கு அந்த வாரம் முழுக்க வேறெதுவுமே தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் பானட் திறந்து கிடந்தது. மாமா சலவைச் சட்டை போட்டு, தலையைப் படியச் சீவி, சீட்டுக்கும் இன்ஜினுக்குமாக நடந்துகொண்டிருந்தார். சட்டையில் அதற்குள் ஒரு கிரீஸ் கறை. மாடி வீட்டு டெய்லர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கழுத்தில் அளவு டேப்போடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாருய்யா டாக்டர்" என்றார் டெய்லர். "தம்பி, பெட்ரோல் இருக்கான்னு முதல்ல பாரு."

"அண்ணே, நீங்க காஜா எடுக்கறப்போ நூல் இருக்கான்னு நான் வந்து கேட்டேனா?" என்றார் மாமா.

"கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும். போன வாரம் உன் பேன்ட்டுக்கே நூல் இல்லாமப் போச்சு."

"மாமா, ஒரு தடவை அடிங்க" என்றேன். "ஒரே தடவை."

அவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தம் ஒரே சீராக வந்தது. இடையில் இழுக்கவும் இல்லை, திடீரென்று லேசாகி ஓடவும் இல்லை. உள்ளே பெல்ட் அறுந்திருந்தால் இப்படிச் சுற்றாது, இன்ஜின் காற்றாடி மாதிரி பறக்கும். ஆக வயிற்றில் கோளாறு இல்லை. கார்புரேட்டர் வாயைத் திறந்து ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தேன். உள்ளே பெட்ரோல் ஊசிமாதிரி பீய்ச்சியது.

"பெட்ரோல் இருக்குண்ணே" என்று மாடியைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்ப வேற ஏதாவது இருக்காது" என்றார் டெய்லர்.

ஒரு பிளக்கைக் கழற்றினேன். நனைந்து கிடந்தது. பெட்ரோல் வருகிறது, எரிக்க ஆள் இல்லை. பிளக்கை அதன் ஒயரில் மாட்டி, இன்ஜின் இரும்பில் சாய்த்து வைத்து மாமாவை அடிக்கச் சொன்னேன். பொறி வரவில்லை. அடுத்ததிலும் இல்லை.

"கரண்டு வரல மாமா."

"காயிலா?"

"பாக்கறேன் இருங்க."

"இருக்கறதுக்கு நேரமில்ல மாப்ள. பாலத்தடில பொம்பளைங்க நிப்பாங்க. எல்லாம் வெளுக்கிற ஆளுங்க, நம்மளயும் வெளுத்துருவாங்க." சிரிக்கப் பார்த்தார். கால் மட்டும் கிளட்ச்சைத் தட்டிக்கொண்டே இருந்தது. போன் அடித்தது. "சார், கிளம்பிட்டேன் சார். ஆமா சார், வழியில இருக்கேன்" என்று, நகராத வண்டியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என் தலையைக் கண்டால் டீ வேண்டுமா என்று கேட்காமல் இருக்கமாட்டாள். அன்று கேட்கவில்லை. ஒரே துண்டை மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள். புருஷன் வேலை போய்விடுமோ என்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்டை ஏற்றிக் கொடுக்கிற காயிலிலிருந்து வருகிற நடு ஒயரைப் பிடுங்கி இரும்புக்குப் பக்கத்தில் நீட்டினேன். மாமா சாவியைத் திருப்பியதும் டக் டக் டக் என்று நீலமாகக் குதித்தது. கொழுத்த பொறி. பானட் இடுக்கு வழியாக அவரும் பார்த்துவிட்டார்.

"வருதுல்ல" என்றார்.

"இங்க வரைக்கும் வருது. பிளக்குக்குப் போகல. நடுவுல யாரோ தின்னுடறாங்க."

நடுவில் இருப்பது இரண்டே சாமான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, அதற்குள் சுற்றுகிற ரோட்டர். காயில் அனுப்பும் கரண்டை வாங்கி ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பரிமாறுவது ரோட்டர்தான். கட்டைவிரல் பருமன் இருக்கும். மூடியைக் கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். விரிசல் இல்லை, கரிக்கோடு இல்லை. ரோட்டரும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பித்தளை முனை பளபளவென்று இருந்தது. ஆனால் பார்வையை நம்பினால் எங்கள் தொழிலில் மண்ணைக் கவ்வவேண்டியதுதான். ரோட்டர் தலைமேல் காயில் ஒயரை நீட்டி, அடிக்கச் சொன்னேன். பொறி குதித்து ரோட்டருக்குள் இறங்கியது. நல்ல ரோட்டராக இருந்தால் குதிக்காது. உள்ளே பொத்துப்போய், வருகிற கரண்டை எல்லாம் தண்டுக்குக் கடத்தி எர்த் ஆக்குகிறது. செத்த ரோட்டர்.

உருவி எடுத்தேன். பழக்கத்தில் விரல் அதன் அடிப்பக்கத்தைத் தடவியது. ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தேன். அரத்தால் போட்ட வெட்டு. குறுக்காக, ஒரே இழுப்பில் போட்டது.

எங்கள் பட்டறையில் இது அப்பா காலத்து வழக்கம். மின்சாரச் சாமானில் செத்ததும் உயிரோடு இருப்பதும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். தப்பி மறுபடி மாட்டிவிட்டால் பொழுதுக்கும் தேடவேண்டும். அதனால் செத்துப்போன சாமானுக்கு அடிப்பக்கம் ஒரு வெட்டு விழுந்தாகவேண்டும். அதற்கப்புறம்தான் அது பொணப்பெட்டிக்குப் போகும். பழைய பிஸ்கட் டின்தான் பொணப்பெட்டி. சின்ன வயதில் அரம் பிடித்தது அக்கா. ஓடுகிற இன்ஜினுக்குள் பெண்பிள்ளை கை வைக்கக்கூடாது என்று அப்பா அவளுக்குக் கொடுத்த வேலை அது. என் வெட்டு கோணிக்கொண்டு போகும். அவள் வெட்டு ஸ்கேல் வைத்த மாதிரி நிற்கும்.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா பட்டறைக்கு வந்திருந்தாள். தையல் மெஷினுக்கு ஒரு ஸ்க்ரூ வேண்டும் என்று பொணப்பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். "கிடைச்சுதா?" என்று கேட்டேன். "கிடைச்சுது" என்றாள்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"என்ன மாப்ள, கிடைச்சுதா?" என்றார் மாமா, சீட்டிலிருந்து.

"கை துடைக்கத் துணி வேணும் மாமா. உள்ள போய் எடுத்துட்டு வரேன்."

"துணியா? பல்லு குத்தக் குச்சியும் எடுத்துட்டு வா. நிதானமா வா."

அக்கா எனக்கு முன்னால் அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் ரோட்டரை மேடைமேல் வைத்தேன்.

"இது என்ன வேலை?"

"மெதுவா பேசு."

"பாவம், விடியறதுக்கு முன்னாலயே குளிச்சு, சட்டை போட்டு உக்காந்திருக்காரு. வேலைக்குப் போகாதன்னா வாயால சொல்லவேண்டியதுதானே."

"சொல்லலன்னு நினைக்கறியா?" அவள் கையிலிருந்த துண்டைக் கீழே வைக்கவே இல்லை. "போன வாரம் ரயில்வே கேட்ல நின்னோம். ரயில் போச்சு, கேட் திறந்துச்சு. பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கறான். இவர் ஸ்டியரிங்க புடிச்சுட்டு நேரா பாத்துட்டே இருக்காரு. கூப்பிட்டேன், உலுக்கினேன். கண்ணு திறந்திருக்குடா, ஆளு இல்ல. வாயை மட்டும் எதையோ ருசி பாக்கற மாதிரி அசைச்சாரு. வண்டி லேசா முன்னால ஊருது. நான்தான் ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். ஒரு லாரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியத் தட்டினான். அப்புறம் இவர் என் பக்கம் திரும்பி, நீங்க எங்க போகணும்னு கேட்டாரு."

"யார்கிட்ட?"

"என்கிட்டடா. சவாரிக்காரி மாதிரி. நீங்க எங்க போகணும்னு."

வெளியே செல்ஃப் ஒருமுறை டுர்ர் என்றது. பொறுக்காமல் சும்மா திருப்பிப் பார்க்கிறார். மூடியே மாட்டாத வண்டி.

"அப்புறம்?"

"அப்புறம் கியர் போட்டு ஓட்டிட்டுப் போனாரு, ஒண்ணும் நடக்காத மாதிரி. கேட்டா, கண்ணசந்துட்டேன், ஒரு நொடி, அதைப் போய் ஊதிப் பெருசாக்காதங்கறாரு. வீட்லயும் அப்படி வந்திருக்கு, நான் பாத்திருக்கேன். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாரு. டாக்டர்கிட்ட போனா லைசன்ஸ புடுங்கிருவாங்களாம்."

"சத்தியத்தை மீறிட்டியே இப்ப."

"நான் எங்க மீறினேன்? ரோட்டர் மாத்தினேன். நீ திருப்பிப் பாத்த."

சர்க்கரை டப்பாவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, காகிதத்தில் சுற்றிய நல்ல ரோட்டரை எடுத்து என் கையில் வைத்தாள். "இதுக்கு மேல எனக்கு வழி தெரியல. மாட்டறதும் மாட்டாததும் உன் இஷ்டம். ஆனா அந்த வண்டி நிறைய பொம்பளைங்க ஏறுவாங்க. அவங்க வீட்லயும் ஆளு காத்துட்டிருக்கும்."

நான் ஒரு கையில் செத்ததும் ஒரு கையில் நல்லதுமாக வெளியே வந்தேன். பட்டறையை எனக்கென்று நிற்கவைத்தது மாமாதான். அப்பா போனபிறகு, லாரி ஷெட்டில் எந்த வண்டி நின்றாலும் என் மச்சானைக் கூப்பிடு என்று சண்டை போட்டு வேலை வாங்கிக் கொடுத்தவர். அவரிடம் போய் நீங்கள் வண்டி ஓட்ட லாயக்கில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் நல்லதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய் எப்படி உட்காருவது? ஒவ்வொரு போனுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

கோழை மாதிரி மூன்றாவது வழியில் போனேன்.

"காயில் போயிருச்சு மாமா. புதுசு வாங்கணும். கடை திறக்கட்டும்."

அவர் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். "காயில்ல கரண்டு குதிச்சத நான் பாத்தேன்."

"அது... வீக்கா இருக்கு."

"அது வீக்கா? எனக்கே ஷாக் அடிச்ச மாதிரி இருந்துச்சு. கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"மாப்ள, உனக்குப் பொய் சொல்ல வராது. மூக்கு விடைக்குது. கைய நீட்டு."

நான் நீட்டவில்லை. அவரே விரல்களைப் பிரித்தார். இரண்டு ரோட்டர்களையும் பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பினார். இத்தனை வருஷம் எங்கள் குடும்பத்தில் இருக்கிறவர், அரம் வெட்டு என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. யாருடைய கை என்றும் சொல்லவேண்டியதில்லை. தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எவனோ எதிரி செஞ்சா பரவாயில்ல" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எதிரி எதுக்குங்க உங்க உசுரைப் பத்திக் கவலைப்படப்போறான்?" என்றாள் அக்கா.

"ஒரு நொடி கண்ணசந்தேன். அதுக்கு என் சோத்துல மண்ணள்ளிப் போடுவியா?"

"ஒரு நொடியா அது?"

"ஒரு நொடிதான். எனக்குத் தெரியாதா? என் கண்ணு, என் தூக்கம்."

மேலே டெய்லர் மெதுவாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

போன் மறுபடி அடித்தது. மாமா எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். செத்த ரோட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நல்லதை என் கையில் திணித்தார்.

"மாட்டு."

"நான் ஓட்டறேன் மாமா."

"என்னது?"

"மாட்டறேன். ஆனா நான் ஓட்டறேன். இல்லன்னா மாட்டமாட்டேன். நீங்களே மாட்டிக்கணும்னா இதை இப்பவே சாக்கடையில போடுவேன்." கிரீஸ் கையைச் சாக்கடை மேல் நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் என்னை அடிப்பார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் தெருக்கோடியைப் பார்த்தார், கையைத் திருப்பி நேரம் பார்த்தார், சட்டையில் இருந்த கறையைத் தேய்த்தார். கறை பெரிதானது.

"உனக்கு வழி தெரியாது" என்றார் கடைசியில்.

"நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

"இன்னைக்கு மட்டும். பேட்டரி இறங்கினதால நேரமாயிருச்சு, அதனால. உங்க அக்கா பேச்சைக் கேட்டு இல்ல."

"சரி மாமா."

ரோட்டரை மாட்டி, மூடியைக் கிளிப் போட்டு, பிளக்குகளைத் துடைத்து முடுக்கினேன். சாவியைத் திருப்பியதும் அரைச் சுற்றில் எருமை உறுமிக்கொண்டு எழுந்தது. டெய்லர் மாடியிலிருந்து, "நான் சொன்னேன்ல, பெட்ரோல்தான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா அவள் பக்கம் திரும்பாமல் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

பாலத்தடியில் பெண்கள் கோபமாக நின்றார்கள். ஏறியதும் வண்டி நிறைந்துவிட்டது. பின்னால் முழங்காலோடு முழங்கால் இடித்தது. நடு சீட்டில் உட்கார்ந்த பெரிய உடம்புக்காரி இஸ்திரிப் பிரிவாம். முன்னால் இரண்டு தலைகளைப் பார்த்துவிட்டு, "ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரா? ஒருத்தர் போக, ஒருத்தர் வரவா?" என்றாள்.

"இவன் கத்துக்கறான்மா" என்றார் மாமா.

"எங்கள வெச்சா கத்துக்கணும்?"

"பழைய துணியில தெச்சுப் பழகினாத்தானே புதுத்துணி தெக்க முடியும்."

பின்னால் ஒரே சிரிப்பு. இஸ்திரிக்காரம்மா அவர் தோளில் ஒன்று வைத்தாள். மாமாவின் முகம் காலையிலிருந்து முதல்முறையாகத் தளர்ந்தது. இதற்காகத்தான் இந்த மனிதர் இத்தனை நாள் காத்திருந்தார் என்று தோன்றியது. வேலைக்காக மட்டுமில்லை, வண்டி நிறைய ஆள், பேச்சு, நேரத்துக்குப் போய்ச்சேரவேண்டிய அவசரம். அதை இழந்தால் இவர் என்ன ஆவார் என்று யோசித்தேன்.

"கிளட்ச்சுல இருந்து காலை எடு" என்றார். "மிதிச்சுக்கிட்டே ஓட்டற. அது என்ன தையல் மெஷினா? மூணாவது போடு. நேரா போ. அந்தா தண்ணி டேங்க் தெரியுதுல்ல, அதுக்கு முன்னாடி ஒரு சந்து வரும், அதுல..."

நின்றது. நான் காத்திருந்தேன்.

"அதுல என்ன மாமா?"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய், எதையோ ருசி பார்க்கிற மாதிரி அசைந்தது. வலது கை சட்டைப்பை பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தது. பின்னால் பெண்கள் யாருடைய மாமியாரையோ கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

சந்து வந்தது. திரும்பச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, தெரியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. நிறுத்த இடமில்லை. சந்து போனது. தண்ணி டேங்க் போனது. பெட்ரோல் பங்க் போனது. அவர் கையில் இந்த ஸ்டியரிங் இருந்திருந்தால், இத்தனை தூரமும் இந்த வண்டி யார் கையில் வந்திருக்கும்? கூப்பிட வாய் வரவில்லை. மர டிப்போ வந்தது.

"...திரும்பிடு. உள்ள போனா லாண்டரி பின் கேட்" என்றார் மாமா.

அதே குரல், அதே வேகம். விட்ட இடத்தில் தொட்டு முடித்துவிட்டார். அவர் தண்ணி டேங்கைத் தேடி முன்னால் பார்த்தார். டேங்க் இல்லை. பக்கவாட்டில் பார்த்தார். மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பெண்களின் தலைகளுக்கு மேல், பின் கண்ணாடியில், தண்ணி டேங்க் சின்னதாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?" என்றாள் இஸ்திரிக்காரம்மா. "சந்து அங்கயே போச்சு. லேட்டானா அந்த ஆளு குதிப்பான்."

பழியை நான் வாங்கிக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அவன் மேல தப்பில்லம்மா. நான்தான் வழி சொல்லல." பிறகு என்னிடம், "திருப்பு மாப்ள" என்றார்.

டிப்போ வாசலில் விட்டுத் திருப்பினேன். அவர் செத்த ரோட்டரைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்து, அரம் வெட்டை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"நான் பேசிட்டுதானே இருந்தேன்?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஆமா மாமா."

"எது வரைக்கும்?"

"ஒரு சந்து வரும், அதுல, அப்படின்னீங்க."

"எனக்கு நிறுத்தின மாதிரியே இல்லடா."

இந்தமுறை சந்து வந்தபோது கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

பின் கேட்டில் பெண்கள் திமுதிமுவென்று இறங்கி ஓடினார்கள். சூப்பர்வைசர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் இறங்கவில்லை.

"நீ போய்ப் பேசு. முதல் நாள், வண்டி மக்கர் பண்ணிருச்சுன்னு சொல்லு. டிரைவர் யாருன்னு கேப்பான்."

"உங்க பேர்தானே?"

"உங்க அக்கா பேரைச் சொல்லு."

எனக்குச் சரியாகத்தான் கேட்டதா என்று தெரியவில்லை. "அக்காவா?"

"லைசன்ஸ் வெச்சிருக்காள்ல. கல்யாணத்துக்கு முன்னால எடுத்தது. உங்க அப்பன் பட்டறையில வண்டிய நகத்தி நகத்திப் பழகினவதானே. நான்தான் எருமைய அவகிட்ட குடுத்ததில்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரயில்வே கேட்ல ஹேண்ட் பிரேக் இழுத்தது அவ. நல்லாத்தான் இழுத்திருக்கா."

நான் போய்ப் பேசினேன். சூப்பர்வைசர் முதலில் குதித்தான். பிறகு, பெண்களை ஏற்றுகிற வண்டிக்குப் பெண்ணே டிரைவர் என்றால் நல்லதுதான், ஆனால் நாளைக்கு நேரத்துக்கு வந்து ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் முடிவு சொல்கிறேன் என்றான். அக்காவிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. அவள் சரி என்பாளா என்றும் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது முன் சீட் காலியாக இருந்தது. மாமா நடு வரிசையில், இஸ்திரிக்காரம்மா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடி வாங்க மாமா."

"இருக்கட்டும். நீ எடு."

"வீட்டுக்கா?"

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கணம் எனக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணாடியில் அவர் கண்ணைத் தேடினேன். கண் அசைந்தது.

"ஆஸ்பத்திரிக்கு" என்றார். "தலை பாக்கற டாக்டர் எங்க இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நீயே கேட்டுக் கேட்டுப் போ."

"அக்காவுக்கு ஒரு போன் போடட்டுமா?"

"போடு. நான் பேசல, நீயே சொல்லு."

சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது. முதல் கியர் போட்டு, லாண்டரி மதிலை ஒட்டி மெதுவாக நகர்த்தினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கிளட்ச்சுல இருந்து காலை எடுடா."